சின்னத்தை விட்டு வந்தவர்: யாழ்ப்பாணத்து வட்டாரம் ஒன்றில் நடந்த போட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில், வலிகாமப் பகுதியிலுள்ள பிரதேச சபை ஒன்றின் ஒரு வட்டாரத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஒரு கட்சிக்காகப் பல வருடம் உழைத்தவர் அந்தக் கட்சியின் வேட்பாளரை எதிர்த்துச் சுயேச்சைக் குழுவில் நின்றார். அவர் நம்பியது அந்தக் கட்சிக்கு வழமையாக வாக்களிக்கிறவர்களைத்தான். அவர்களில் பெரும்பாலானோர் அவரிடம் வரவில்லை.

ஆட்களின் பெயரும் கட்சியின் பெயரும் இங்கே இல்லை. எதிர்த்து நின்றவரை இளையவர் என்றும் கட்சியின் வேட்பாளரை மூத்தவர் என்றும் குறிப்பிடுகிறேன். நான் இளையவர் பக்கம் நின்று வீடு வீடாகப் போய்க் கொப்பியில் கணக்கெழுதியவன். வாசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது.

பின்னணி

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என்று மொத்தம் 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. 2018இலிருந்து இவற்றுக்குக் கலப்பு முறையில் தேர்தல் நடக்கிறது. ஆசனங்களில் 60 வீதம் வட்டாரங்களில் வெல்பவர்களுக்கு, 40 வீதம் விகிதாசாரப் பட்டியலுக்கு. வாக்காளர் ஒரேயொரு புள்ளடிதான் போடுவார். அந்தப் புள்ளடி வட்டாரத்துக்கும் எண்ணப்படும், சபை முழுவதற்குமான கட்சியின் மொத்தத்துக்கும் எண்ணப்படும்.

நான் சொல்லும் வட்டாரத்தில் இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்காளர்கள், ஏறத்தாழ எழுநூறு வீடுகள். செம்மண் காணி, வெங்காயமும் புகையிலையும் செய்கிற குடும்பங்கள், அரச உத்தியோகத்தர்கள், ஓய்வூதியக்காரர்கள், வாய்க்காலுக்கு அப்பால் கூலி வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு ஒன்று. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தலில் மூத்தவர் கட்சியின் வேட்பாளராக நின்று வென்றார். அவருக்காகத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தவர் இளையவர்.

அந்தச் சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. மூத்தவர் நேர்மையானவர். காசு விடயத்தில் அவரைப்பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆனால் வேலை நடக்கவில்லை. மழை வந்தால் பள்ளிக்கூட ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். சுடலைக்குப் போகும் வீதியில் விளக்கில்லை. வாசிகசாலைக்கு வந்துகொண்டிருந்த பத்திரிகைகூட நின்றுபோனது. அதே காலத்தில் 2020, 2021 கொரோனா முடக்கத்தின்போது வெளிநாட்டிலிருந்த ஊர்க்காரரிடம் காசு சேர்த்து உலர் உணவுப் பொதி கொண்டுபோனவர் இளையவர்தான். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோதும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் வெல்லுவார் என்று நாங்கள் நினைத்தோம்.

பெயர் மாறியது

2023 ஜனவரியில் வேட்புமனு கேட்கப்பட்டபோது இந்த வட்டாரத்துக்கு இளையவரின் பெயரைத்தான் கட்சி கொடுத்தது. மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டியிருந்த அந்தத் தேர்தல் நடக்கவில்லை. காசில்லை என்று இழுபட்டு, நீதிமன்றம் வரைக்கும் போய், சபைகள் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்தன. 2025 பெப்ரவரியில் நிறைவேறிய சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் 2023இன் வேட்புமனுக்களை இல்லாமல் செய்தது. மார்ச் 17 முதல் 20 வரை புதிதாக வேட்புமனு ஏற்கப்பட்டது.

புதிய மனுவில் இளையவரின் பெயர் இல்லை, மூத்தவரின் பெயர் இருந்தது. இளையவருக்கு இது தெரியவந்தது மார்ச் 15 இரவு, அதுவும் தொலைபேசியில் வேறொருவர் மூலமாக. கட்சிக்குள் இருந்த அணிப் பிரச்சினைதான் காரணம் என்று நினைக்கிறேன். மூத்தவர் கேட்டுப் பெற்றதல்ல அது, அவரை மறுபடி நிற்கச் சொல்லிக் கேட்டவர்கள் மேலே இருந்தவர்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்திக் கதைக்க ஒருவரும் முன்வரவில்லை. அப்படி ஒருநாள் கதைத்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

முதல் முடிவு: வெளியே போவது

அன்று இரவு இளையவரின் வீட்டுத் திண்ணையில் ஏழு பேர் இருந்தோம். மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் இருந்து மூத்தவருக்கு வேலை செய்வது, எவருக்கும் வேலை செய்யாமல் ஒதுங்குவது, வெளியே நின்று போட்டியிடுவது. நான் மூன்றாவதைத்தான் சொன்னேன். சனம் சின்னத்தைப் பார்த்து வாக்குப் போட்டது ஒரு காலம், இப்போது ஆளைப் பார்க்கிறார்கள் என்று நான் வாதாடினேன். 2024 பொதுத் தேர்தலை ஆதாரமாகக் காட்டினேன். அந்த வருடம் செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 27,086 வாக்குகள் பெற்ற, தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி, நவம்பர் 14இல் 80,830 வாக்குகள் பெற்று ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. பழைய பிடி விட்டுப்போயிற்று என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டேன்.

நான் சொன்ன கணக்குச் சரி, ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு பிழை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சொந்தமாக ஒரு சுயேச்சைக் குழு தொடங்க நேரமில்லை. குழு என்றால் சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் நிறுத்த வேண்டும். பெண்கள், இளைஞர் விகிதம் சரியாக இருக்க வேண்டும். ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபா கட்டுப்பணம், அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கோ 1,500 ரூபா. ஆவணத்தில் சிறு பிழை விட்டால் மனு தள்ளுபடி. அந்த முறை பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியால் எத்தனையோ மனுக்கள் நிராகரிக்கப்பட்டு நீதிமன்றம் வரை போனதை எல்லோரும் கண்டோம். ஆகவே அதே சபைப் பகுதியில் வேறு சிலர் ஏற்கெனவே அமைத்துக்கொண்டிருந்த குழுவில் இளையவர் சேர்ந்தார். அதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த ஒருவர், முன்பு எதிர்க்கட்சி ஒன்றில் வேலை செய்த ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் இந்தக் கூட்டு எங்களுக்கு எவ்வளவு பாரமாகப் போகிறது என்று அன்று தெரியவில்லை.

படலையடியில் கேட்டது

மார்ச் கடைசியில் வீடு வீடாகப் போகத் தொடங்கினோம். கொப்பியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி: நிச்சயம், யோசிக்கிறார், இல்லை. முதல் பத்து நாள் இளையவர் கொண்டுபோன கதை ஒன்றுதான். 2023இல் எனக்குத் தந்தார்கள், 2025இல் பறித்தார்கள், இது அநியாயம். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். கேட்ட ஒவ்வொருவரும் ஓம் என்றார்கள். தேத்தண்ணி தந்தார்கள். நாங்கள் நிச்சயம் என்று குறித்தோம்.

அந்தப் பத்து நாளில் எங்களோடு ஒருவர்கூட வாதாடவில்லை. அதுவே எங்களை விழிக்க வைத்திருக்க வேண்டும். வாக்குப் போடப் போகிறவர் கேள்வி கேட்பார். தெரு எப்போது திருத்துவீர், காசு எங்கே இருந்து வரும், சபைக்குள் உம்மோடு ஆர் நிற்கினம் என்று கேட்பார். போடாதவர்தான் சரி தம்பி, சரி தம்பி என்று சொல்லிப் படலை வரைக்கும் வந்து அனுப்பிவைப்பார்.

முதன்முதலாக மனதில் இருந்ததை வெளியே சொன்னவர் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. இளையவரைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர். அவர் சொன்னதை அன்றே எழுதிவைத்தேன்:

"தம்பி, நீர் சொல்லுறது எல்லாம் சரி. அந்தாள் ஒண்டும் செய்யேல்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனா நான் அந்தாளுக்கே போட்டனான்? சின்னத்துக்கெல்லோ போட்டனான்."

இளையவர் பதிலில்லாமல் நின்றார். மூத்தவர் வேலை செய்யவில்லை என்பதை நிறுவத்தான் நாங்கள் அத்தனை நாளும் பாடுபட்டோம். அந்த அம்மாவுக்கு அது முன்பே தெரியும், அவரின் புள்ளடிக்கு அது பொருட்டே இல்லை. போரையும் இடப்பெயர்வையும் கண்டு, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிற ஒருவருக்கு அந்தச் சின்னம் வாய்க்காலையும் தெருவிளக்கையும் பற்றியதாக இருக்க முடியுமா? நாங்கள் இன்னமும் இருக்கிறோம் என்று கொழும்புக்குச் சொல்வதற்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் பேச்சைக் குறைத்துக் கேட்கத் தொடங்கினேன். வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு சொற்களில் வந்தாலும் கதை அநேகமாக இந்த நான்கில் ஒன்றாக இருந்தது.

"உள்ளுக்க இருந்து சண்டை பிடியும். வெளியில போய் நிண்டால் அது வேற." இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். இளையவரின் தகப்பனாரும் அவரும் 1977 தேர்தலில் ஒன்றாகச் சுவரொட்டி ஒட்டியவர்கள். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"இப்ப பிரிஞ்சு நிக்கிற நேரமே?" 2024 நவம்பருக்குப் பிறகு அந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் பயந்துபோயிருந்தார்கள். தெற்கை மையமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடத்துக்கு வந்தது அவர்களுக்குத் தாங்க முடியாத செய்தி. தையிட்டியில் தமிழர் காணியில் பௌத்த விகாரை கட்டப்பட்ட பிரச்சினை நாளாந்தம் பேசப்பட்ட மாதங்கள் அவை. பயம் வந்தால் மனிதர் ஒன்றாக நெருங்கி நிற்பார்கள். அந்த நேரத்தில் விலகி நிற்கிறவரின் காரணத்தை ஆராய எவருக்கும் பொறுமை இருக்காது.

"உங்களோட வேற ஆர் நிக்கினம்?" இது குழுவைப் பற்றிய கேள்வி. முன்பு எதிர்க்கட்சியில் இருந்த அந்த ஒருவரின் பெயர் வந்தவுடன் முகம் மாறும். அவர் நிற்பது வேறு வட்டாரத்தில் என்றாலும் புள்ளடி ஒன்றுதானே, அது அவருக்கும் போகும் என்று விளங்கிக்கொண்டார்கள். கலப்பு முறை சனத்துக்கு விளங்காது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவதை எவரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் பல வீடுகளில் அதுதான் நின்றது. இளையவர் மூத்தவரைக் குறை சொன்ன ஒவ்வொரு தடவையும், அவரைத் தெரிவு செய்த சனத்தின் முடிவையும் சேர்த்தே குறை சொன்னார். 2018இல் அந்த மனுசனுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவர் நீரல்லவா என்று ஒரு ரீச்சர் கடைசியில் கேட்டேவிட்டார். இளையவர் தலையைக் குனிந்தார்.

இரண்டாவது முடிவு: கதையை மாற்றுவது

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் திரும்பவும் திண்ணையில் கூடினோம். அநியாயம் என்ற கதையை நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். காரணம் எளிது. அது உண்மைதான், ஆனால் அது அவரின் பிரச்சினை, வாக்காளரின் பிரச்சினை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பக்க நோட்டீஸ் அடித்தோம். பள்ளிக்கூட ஒழுங்கைக்கு வாய்க்கால், சுடலை வீதிக்கு விளக்கு, வாசிகசாலைக்குப் பத்திரிகை, குப்பை வண்டி வரும் நாள். வேறெதுவும் இல்லை.

இது பலன் தந்தது, ஆனால் நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிற குடியிருப்பில் சனம் கேள்வி கேட்கத் தொடங்கியது. அந்தக் குடும்பங்கள் சாதியின் பேரால் காலங்காலமாகக் கரையில் வைக்கப்பட்டவை. கட்சியின் பேச்சாளர்கள் அங்கே மேடை போட்டு நான் கண்டதில்லை. ஒரு தகப்பன் சொன்னார்: "எங்களை ஆரும் உள்ளுக்க எடுத்ததில்லை தம்பி. வெளியில வந்த ஆளைப் பாத்து எங்களுக்கென்ன பயம்? வாய்க்கால் கதையைச் சொல்லும்." அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் இருந்தோம். ஆனால் அவர்கள் எங்கள் கட்சியின் பழைய வாக்காளர்கள் அல்ல. நாங்கள் போன முதல் பத்து நாளில் அந்தக் குடியிருப்புக்குள் காலே வைக்கவில்லை என்பதையும் இங்கே எழுதவேண்டும்.

மூன்றாவது முடிவு: நானும் கட்சிக்காரன்தான்

ஏப்ரல் நடுப்பகுதியில் இன்னொன்றைச் செய்தோம். இதுதான் பெரிய பிழை என்று இன்று நினைக்கிறேன். கட்சி வாக்காளரை ஆறுதல்படுத்துவதற்காக, நான் கட்சிக்கு எதிரானவன் அல்ல, வென்றால் சபையில் கட்சியோடுதான் நிற்பேன் என்று இளையவர் சொல்லத் தொடங்கினார். கூடவே தேர்தல் முறையை விளக்கினோம். கட்சி இந்த வட்டாரத்தில் தோற்றாலும் மொத்த வாக்குக்கு ஏற்ற ஆசனம் பட்டியலில் கிடைத்துவிடும், ஆகவே எனக்குப் போட்டால் கட்சிக்குப் பெரிய நட்டம் இல்லை என்றோம்.

சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு அக்கா இதை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் வெண்டாலும் கட்சியோடதான் நிப்பியள், தோத்தாலும் கட்சிக்கு ஆசனம் கிடைக்கும் எண்டால், நான் ஏன் மாத்திப் போடுவான்?"

கட்சியை மாற்ற வேண்டும் என்று வந்தவர் கட்சியோடே நிற்பேன் என்றால், மாற்றிப் போடக் காரணமே இல்லாமல் போகிறது. கட்சியை விட்டுவிட்டேன் என்றால் துரோகி என்பார்கள். இளையவர் கடைசி மூன்று வாரமும் இந்த இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி நின்றார். ஒரு வீட்டில் ஒன்றும் அடுத்த வீட்டில் மற்றதும் சொன்னார். அவை வேலிக்கு மேலால் பேசிக்கொள்கிற வீடுகள்.

கட்சி இந்த இடத்தில்தான் பதில் சொன்னது. வெளியே நிற்பவர்களுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தார்கள். சந்தியில் கூட்டம் வைத்தார்கள். மேடையில் மூத்தவர் மூன்று நிமிடம்தான் பேசினார். மற்றவர்கள் காணி, அதிகாரப் பகிர்வு, தமிழர் ஒற்றுமை பற்றிப் பேசினார்கள். வாய்க்கால் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வட்டாரத் தேர்தலில் இது என்ன பேச்சு என்று எங்கள் பையன்கள் கோபப்பட்டார்கள். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு அதுதான் பதில்.

வெளிநாட்டு உறவினர்களும் இருக்கிறார்கள். முடக்க காலத்தில் இளையவருக்குக் காசு அனுப்பியவர்கள்கூட கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தாய் தகப்பனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது, சின்னத்தை விட்டுவிடாதீர்கள் என்றுதான். அவருக்கு இது மிகவும் வலித்தது.

வாக்குச்சீட்டின் முன்னால்

நாங்கள் குறைத்து மதிப்பிட்ட இன்னொரு விடயம் வாக்குச்சீட்டு. உள்ளூராட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது. கட்சியின் பெயரும் சின்னமும், சுயேச்சைக் குழு என்றால் அதன் இலக்கமும் சின்னமும் மட்டும்தான். இளையவரிடம் இருந்த ஒரே சொத்து அவரின் பெயரும் முகமும். வாக்குச்சீட்டில் அந்த இரண்டும் இல்லை. பல வருடமாக ஒரே படத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு இலக்கமும், வேட்புமனுவுக்குப் பிறகு கிடைத்த ஒரு புதிய படமும்.

மாதிரி வாக்குச்சீட்டு அடித்துக் காட்டினோம். இளையவருக்குத்தான் போடுவேன் என்று உறுதியாகச் சொன்ன ஒரு தாத்தாவிடம் அதைக் கொடுத்து எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். விரல் நேராகப் பழைய சின்னத்துக்குப் போனது. "ஓ, இப்ப இது இல்லையோ?" என்றார். அவர் எங்களை ஏமாற்றவில்லை. அவர் மனதில் இளையவரும் அந்தச் சின்னமும் இன்னும் பிரியவில்லை. இத்தனை வருடம் அவரை அந்தச் சின்னத்தோடு சேர்த்துக் காட்டியவர்களும் நாங்கள்தானே.

மே 6

பிரசாரம் மே 3 நள்ளிரவோடு முடிந்தது. ஆறாம் திகதி காலை ஏழு மணிக்கு வாக்களிப்பு தொடங்கி நான்கு மணிக்கு முடிந்தது. உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குகள் அங்கேயே எண்ணப்படுவதால் எங்கள் முகவர்களால் ஒவ்வொரு இடத்தின் போக்கையும் பார்க்க முடிந்தது.

மூத்தவர் வென்றார். தேசிய மக்கள் சக்தி இரண்டாவது. இளையவர் மூன்றாவது.

இடத்துக்கு இடம் வித்தியாசம் இருந்தது. பள்ளிக்கூட வாக்களிப்பு நிலையம்தான் பெரியது, கட்சியின் பழைய குடும்பங்கள் அங்கே. அங்கு மூத்தவருக்கு விழுந்த நான்கு வாக்குக்கு இளையவருக்கு ஒன்றுகூட வரவில்லை. வாசிகசாலைப் பக்கம் அவர் வெள்ளத்திலும் முடக்கத்திலும் வேலை செய்த இடம். அங்கே இருவரும் கிட்டத்தட்டச் சமம். வாய்க்காலுக்கு அப்பால் தேசிய மக்கள் சக்திக்கு அடுத்ததாக வந்தார். நிச்சயம் என்று கொப்பியில் குறித்த வீடுகளிலிருந்து வந்திருக்கவேண்டிய வாக்குகளில் பாதிகூடப் பெட்டிக்குள் இல்லை. கிடைத்த வாக்குகளில் கணிசமானவை, இந்தக் கட்சிக்கு ஒருபோதும் வாக்களிக்காதவர்களுடையவை.

2024 கணக்கை நான் எங்கே பிழையாக வாசித்தேன் என்பது அன்றிரவுதான் விளங்கியது. பழைய கட்சியை விட்டுப் போனவர்கள் உண்மையில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் முழுவதாகவே போனார்கள், வேறொரு கட்சிக்குப் போனார்கள். ஒருமுறை மாற்றிப் பார்ப்போம் என்று போவது அவர்களுக்கு இலகு. அதில் எவருக்கும் நேரடியாகத் துரோகம் இல்லை. கட்சிக்குள்ளிருந்து பிரிந்தவருக்குப் போடுவது வீட்டுச் சண்டையில் ஒரு பக்கம் எடுப்பது போன்றது. மற்றப் பக்கத்தவர் மாமாவாக, பக்கத்து வீட்டுக்காரராக, கோயில் சபைத் தலைவராக இருப்பார். ஆகவே மாற்றம் வேண்டியவர் எங்களைத் தாண்டி அப்பால் போனார், மாற்றம் வேண்டாதவர் இருந்த இடத்திலேயே இருந்தார். நடுவில் நின்ற எங்களிடம் வருவதற்கு ஆட்கள் குறைவு.

இந்த மண்ணில் முன்பு நடந்தது

இது புதிய கதை அல்ல. தமிழ்க் காங்கிரஸின் சார்பில் 1947இல் காங்கேசன்துறையில் வென்ற சா. ஜே. வே. செல்வநாயகம், கட்சி அரசாங்கத்தோடு சேர்ந்ததையும் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதையும் எதிர்த்து வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதே காங்கேசன்துறையில் 1952இல் அவர் தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன். செல்வநாயகத்தின் புதிய கட்சிக்கு அந்த வருடம் கிடைத்தவை இரண்டு ஆசனங்கள். நான்கு வருடம் கழித்து, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கம் தெற்கில் எழுந்தபின் வந்த 1956 தேர்தலில் அது பத்து ஆசனங்களை வென்றது. ஆளும் அவர்தான், கொள்கையும் அதுதான். வாக்காளர் முன்னால் இருந்த கேள்விதான் மாறியிருந்தது.

மறுபக்கத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. ஊர்காவற்றுறையின் தமிழரசுக் கட்சி உறுப்பினராக இருந்த வி. நவரத்தினம் 1968இல் கட்சியிலிருந்து பிரிந்து, பின்னர் தமிழர் சுயாட்சிக் கழகத்தை அமைத்தார். படிப்பும் உழைப்பும் உள்ளவர், கட்சியின் மூளை என்று மதிக்கப்பட்டவர். 1970இல் அதே தொகுதியில் தமிழரசுக் கட்சி நிறுத்திய கா. பொ. இரத்தினத்திடம் தோற்றார். அந்த மனிதர்களோடு எங்கள் வட்டார வேட்பாளரை நான் ஒப்பிடவில்லை. ஆனால் தனக்கு ஏற்கெனவே வாக்களித்த சனத்திடமே திரும்பி வந்து கேட்பது எவ்வளவு கடினம் என்பது இரண்டிலும் தெரிகிறது. திண்ணையில் இருந்த அந்த இரவில் இவற்றை நினைத்துப் பார்க்கவேண்டிய வயது எனக்கிருந்தது. நினைக்கவில்லை.

அதன் பின்

சபை முழுவதும் பெற்ற வாக்குகளால் சுயேச்சைக் குழுவுக்குப் பட்டியலில் ஒரு ஆசனம் கிடைத்தது. பட்டியலில் இருப்பவருக்கோ வட்டாரத்தில் தோற்றவருக்கோ குழு அதைக் கொடுக்கலாம். இளையவருக்கே கொடுக்கச் சிலர் விரும்பினார்கள். வேறொரு வட்டாரத்தில் அவரைவிடக் கூடிய வாக்கு எடுத்த ஒரு பெண் இருந்தார், மாதர் சங்கத்தில் வேலை செய்தவர். அவருக்குத்தான் அது போகவேண்டும் என்று இளையவரே சொன்னார். தனக்கு அநியாயம் நடந்தது என்று ஊரெல்லாம் சொன்னவன் இன்னொருவருக்கு அதைச் செய்யக்கூடாது என்பது அவரின் காரணம். நான் அவரில் மிகவும் மதிக்கிற செயல் அது.

ஜூன் மாதம் தவிசாளர் தெரிவு வந்தது. எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. பழைய கட்சி அந்தப் பெண் உறுப்பினரின் ஆதரவைக் கேட்டு வந்தது. வந்தவர்களில் மூத்தவரும் இருந்தார். இளையவரும் மூத்தவரும் மார்ச்சுக்குப் பிறகு ஒரே மேசையில் இருந்தது அன்றுதான். ஆதரவு கொடுக்கப்பட்டது. பள்ளிக்கூட ஒழுங்கை வாய்க்காலும் குடியிருப்புப் பக்கத்து விளக்குகளும் முதல் வருட வேலைகளில் சேர்க்கப்படும் என்று இணங்கினார்கள்.

செய்தி ஊருக்குள் வந்த இரண்டு நாளில் அந்த அம்மா இளையவரை வீதியில் மறித்தார். "இப்ப சரி தம்பி, ஒற்றுமையா நிக்கிறியள்" என்றார். அடுத்தமுறை போடுவீர்களா என்று அவர் கேட்டார். "அது அப்ப பாப்பம்" என்றார் அந்த அம்மா. பிரசாரத்தின்போது அவர் இந்தப் பதிலைக்கூடச் சொல்லவில்லை.

இன்னொரு தடவை என்றால்

முதலாவது, நேரம். வேட்புமனுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது தொடங்கிய போட்டி இது. கட்சி வாக்காளரின் மனதில் ஒருவரைச் சின்னத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஐந்து வாரம் போதாது. சபையில் ஆளே இல்லாதிருந்த இரண்டு வருடமும் இளையவர் தன் பெயரில் வேலை செய்யாமல் கட்சியின் பெயரில் செய்தார். வாசிகசாலைப் பக்கம் சமமாக வந்ததற்குக் காரணம், அங்கே மட்டும்தான் அவர் தனி ஆளாகத் தெரிந்தார்.

இரண்டாவது, யாரிடம் முதலில் போவது. தெரிந்த வீடுகளுக்கு முதலில் போனோம், ஏனென்றால் அவை இலகுவாக இருந்தன. கடைசியில் அவைதான் மூடியிருந்த வீடுகள். வாய்க்காலுக்கு அப்பால் போக வேண்டியது முதல் நாளே. தேர்தல் கணக்கு இல்லாவிட்டாலும்கூட, அங்கே போகாதது எங்கள் குற்றம்.

மூன்றாவது, உள்ளே இருப்பதா வெளியே போவதா என்பதில் ஒரு முடிவு. உள்ளே இருந்திருந்தால் தபால் அதிபரைப் போன்ற இருபது பேரைக் கூட்டிக்கொண்டு கட்சிக் கிளையிடம் போயிருக்கலாம். அவர்கள் வந்திருப்பார்கள் என்று இப்போது நம்புகிறேன். நாங்கள் அவர்களிடம் கேட்டது வாக்கு மட்டும்தான், ஆலோசனை கேட்கவில்லை. வெளியே போவதென்றால் முழுவதாகப் போயிருக்க வேண்டும். நானும் கட்சிக்காரன்தான் என்று சொல்லியிருக்கக்கூடாது. சந்தைக்கார அக்காவின் கேள்விக்கு நல்ல பதில் ஒன்றாவது கையில் இருந்திருக்க வேண்டும்.

நான்காவது, மூத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் குறையாகப் பேசாமல் இருப்பது. அவருக்கு வாக்களித்தவர்களிடமே போய் அவரைத் தாழ்த்தினால் அவர்களுக்குத் தங்களைத் தற்காக்கத்தான் தோன்றும். 2018இல் நானும் உங்களோடு சேர்ந்து அவருக்குப் போட்டேன், அன்று அது சரியாக இருந்தது என்று தொடங்கியிருந்தால் அந்த ரீச்சர் கேள்வி கேட்கவேண்டியிருந்திருக்காது.

கடைசியாகக் கொப்பி. ஓம் என்று தலையாட்டியதை நிச்சயம் என்று எழுதக்கூடாது. மாதிரி வாக்குச்சீட்டில் விரல் எங்கே போனது, அவர் ஏதாவது கேள்வி கேட்டாரா, இந்த இரண்டையும் மட்டும் குறித்தால் போதும். அந்தப் பழைய கொப்பி இப்போது சனசமூக நிலையத்து அலுமாரியில் இருக்கிறது. இளையவர் அதைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே புதிதாக ஒரு நிரல் கோடு கிழித்திருக்கிறார். அதன் மேல் எழுதியிருப்பது: என்ன கேட்டார்கள்.

வாசிகசாலைக்குப் பத்திரிகை திரும்பவும் வரத் தொடங்கிவிட்டது. வாய்க்கால் இன்னும் வெட்டவில்லை.